ஹென்றி வான்டைக் கார்ட்டர்

ஹென்றி வான்டைக் கார்ட்டர் (மே 22, 1831 – மே 4, 1897) ஆங்கிலேய மருத்துவரும் உடற்கூற்றியலாளரும் ஓவியரும் ஆவார். உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் பயிலும் கிரேயின் உடற்கூற்றியல் நூலின் முதற்பதிப்பிலுள்ள படங்களை வரைந்தவர் என்ற வகையில் இவர் பரவலாக அறியப்படுகிறார். இவரது பணிக்காலத்தின் பெரும்பகுதி இந்தியாவில் கழிந்தது. மதுரையின் பெயரால் வழங்கிய மதுரைக்கால் நோய் பூஞ்சையால் உண்டாவது என்று எடுத்துக்காட்டி, 1860-61 காலப்பகுதியில் அதற்கு மைசெட்டோமா என்னும் பெயரைச் சூட்டியவர் இவரே. நோயாளியின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரியில் காணும் பூஞ்சணத்தை இனங்கண்டு பெயரிட்டு வகைப்படுத்தும் மருத்துவப் பூஞ்சையியலில், இந்திய மண்ணில் நடந்த முதல் முயற்சிகளுள் இது ஒன்று. அம்முயற்சியில் இவர் பெயரைத் தாங்கி உருவான பூஞ்சை இனம் பின்னாளில் கைவிடப்பட்டது. நோயைப் பற்றிய இவரது முதன்மைக் கருத்தோ பெரும்பாலும் நிலைத்தது.

இதே காலத்தில் பம்பாயில் ஹென்றி ஜான் கார்ட்டர் என்ற மற்றொரு மருத்துவரும் பணியாற்றினார். கடற்பஞ்சுகளைப் பற்றிய ஆய்வுகளால் அறியப்பட்ட அவரையும் இவரையும் சில நூல்கள் ஒருவராகக் கொண்டு குழப்பிவிடுகின்றன.

இளமையும் கல்வியும்

கார்ட்டர் இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியிலுள்ள ஹல் நகரில் பிறந்தார். தந்தை ஹென்றி பார்லோ கார்ட்டர் நீர்வண்ண ஓவியர். கடல், கப்பல், கரையோரக் காட்சிகளை வரைவதில் பெயர் பெற்றவர். பிளெமிய ஓவியர் அந்தோணி வான் டைக்கின் நினைவாகவே மகனுக்கு நடுப்பெயர் இடப்பட்டது. தம்பி ஜோசப் நியூயிங்டனும் ஓவியரானார். குடும்பத்தில் மருத்துவம் பயிலச் சென்றவர் மூத்த மகன் ஹென்றி.

ஹல் இலக்கணப் பள்ளியில் படித்தபின் இலண்டன் சென்ற கார்ட்டர், புனித ஜார்ஜ் மருத்துவமனையின் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் அறுவை மருத்துவர்களின் அரச கல்லூரியில் உடற்கூற்றியல் மாணவராக இருந்தபோது ரிச்சர்ட் ஓவன், ஜான் குவெக்கெட் ஆகியோரின் கீழ்ப் பணிபுரியும் வாய்ப்புக் கிடைத்தது. குவெக்கெட் அக்காலத்து நுண்ணோக்கி வல்லுநர்களுள் முன்னணியில் நின்றவர். திசுவை மெல்லிய சீவலாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, கண்டதைக் கண்டவாறே வரையும் பயிற்சி அங்குதான் இவருக்கு வாய்த்தது. பிற்காலத்தில் பம்பாயில் இவர் செய்த வேலை அனைத்துக்கும் இப்பயிற்சியே அடிப்படை. 1856 ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவ முதுவர் பட்டம் பெற்றார்.

கிரேயின் நூலும் கார்ட்டரின் படங்களும்

புனித ஜார்ஜ் மருத்துவமனையில் ஹென்றி கிரே உடற்கூற்றியல் கற்பித்து வந்தார். மண்ணீரல் பற்றிய கிரேயின் நூலுக்குக் கார்ட்டர் முன்னரே படங்கள் வரைந்து கொடுத்திருந்தார். மாணவர்களுக்கு ஏற்ற விலையில் ஒரு பாடநூல் எழுதக் கிரே எண்ணியபோது, படங்களுக்குக் கார்ட்டரையே நாடினார். 1858 ஆம் ஆண்டில் அந்நூல் 363 படங்களுடன் வெளியாயிற்று. உறுப்புகளின் பெயர்களைப் படத்திற்கு வெளியே எண்ணிட்டுக் காட்டாமல், நரம்பின் மீதும் தசையின் மீதும் எலும்பின் மீதும் நேராக எழுதிய முறை மாணவர்க்குப் பெரிதும் உதவியது. நூலின் வெற்றியில் இம்முறைக்குப் பெரும் பங்கு உண்டு.

கார்ட்டருக்குக் கிடைத்தது ஒரு முறை தரப்பட்ட 150 பவுண்டு மட்டுமே. விற்பனை உரிமைத் தொகை கிரேக்கே சென்றது. அச்சுப் படியைத் திருத்தும்போது தலைப்புப் பக்கத்தில் கார்ட்டரின் பெயர் தமது பெயரைவிடச் சிறிய எழுத்தில் அமையுமாறு கிரே செய்தார். பெரியம்மையால் கிரே 1861 ஆம் ஆண்டில், முப்பத்து நான்கு வயதில் காலமானார். நூல் மட்டும் பதிப்பு மேல் பதிப்பாகத் தொடர்ந்து, 2020 ஆம் ஆண்டில் 42 ஆவது பதிப்பை அடைந்தது.

பம்பாய் வருகை

நூல் அச்சிலிருந்து வெளிவருமுன்பே, 1858 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கார்ட்டர் பம்பாய் மருத்துவப் பணியில் சேர்ந்து இந்தியா வந்துவிட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல், உடலியங்கியல் பேராசிரியராகவும், அதனுடன் இணைந்த ஜம்சேத்ஜி ஜீஜிபாய் மருத்துவமனையில் உதவி அறுவை மருத்துவராகவும் அமர்ந்தார். அடுத்த ஆண்டு நடந்த திருமணம் இவருக்கு மகிழ்ச்சி தரவில்லை.

அக்கல்லூரியின் பிணக்கூற்று அறைக்கும் அறுவைக் கூடத்திற்கும் வந்த விந்தையான நோய்களுள் ஒன்று இவரது கவனத்தை ஈர்த்தது. பாதம் உருமாறி வீங்கி, பல துளைகள் விழுந்து, அத்துளைகள் வழியே சீழுடன் சிறுசிறு மணிகள் வெளிவரும் நோய் அது. அறுத்து நீக்கப்பட்ட பாதங்கள் கல்லூரியில் பாதுகாக்கப்பட்டிருந்தன. உடற்கூற்றியலாளர் கையில் கத்தியும் நுண்ணோக்கியும் ஓவியப் பென்சிலும் ஒருங்கே இருந்தமையால் அம்மாதிரிகள் வீணாகவில்லை.

மதுரைக்கால் நோய்

இந்நோய் கார்ட்டர் காலத்தில் புதிதன்று. பழைய இந்திய நூல்களில் கூறப்படும் பாதவல்மீகம், அதாவது கறையான் புற்றைப் போன்ற பாதம், இந்நோயையே குறிக்கும் என்று மருத்துவ வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். துளைகள் நிறைந்து மேடுபள்ளமாகத் தோன்றும் காலைக் கண்டவர்க்கு இப்பெயர் பொருத்தம் விளங்கும். ஆங்கிலேய மருத்துவர்களுள் கில் என்பவர் மதுரை மருந்தகத்தில் கண்டவற்றை 1842 ஆம் ஆண்டில் பதிவு செய்தார். 1846 ஆம் ஆண்டில் கோல்புருக் எழுதிய அறிக்கைக்குப் பின் மதுரைக்கால் என்ற பெயர் மருத்துவ இலக்கியத்தில் நிலைபெற்றது. அதே காலத்தில் பெல்லாரியிலும் இந்நோய் பதிவாகியுள்ளது.

சோழமண்டலக் கரையின் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியிலும் இது அறியப்பட்டிருந்தது. காரைக்காலையும் உள்ளடக்கிய அவ்வாட்சியின் தலைநகரான புதுச்சேரியில், கொலாஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் பாத எலும்புகளின் வட்டாரச் சிதைவு என்னும் பொருளில் தம் விரிவுரையை 1861 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரே கரையில் ஆங்கிலேயர் ஊர்ப்பெயராலும் பிரெஞ்சுக்காரர் எலும்புச் சிதைவாலும் ஒரே நோயைக் குறித்தனர் என்பது கவனிக்கத்தக்கது. நோயின் காரணம் தெரியாதபோது இடமோ தோற்றமோதான் பெயராகிறது.

வெறுங்காலுடன் வயலிலும் காட்டிலும் நடப்போரையே இந்நோய் பெரிதும் தாக்குகிறது. கருவேல முள் போன்றவை தைக்கும்போது மண்ணிலுள்ள நுண்ணுயிர் தோலுக்கடியில் புகுகிறது. தொடக்கத்தில் சிறு கட்டி தோன்றும். வலி மிகக் குறைவு. எனவே உழவரும் ஆடு மாடு மேய்ப்போரும் அதைப் பொருட்படுத்தாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவர். கட்டி பரவி எலும்பையும் அரித்தபின் அவர்கள் மருத்துவமனைக்கு வரும்போது, காலை வெட்டி எடுப்பதைத் தவிர அக்கால மருத்துவரிடம் வேறு வழி இருக்கவில்லை. நடந்து பிழைக்கும் ஏழை ஒருவர் காலை இழப்பது வாழ்வாதாரத்தையே இழப்பதாகும்.

காரணம் பற்றிப் பல கருத்துகள் நிலவின. சிலர் எலும்பு நோய் என்றனர். சிலர் பிற நாட்பட்ட நோய்களின் விளைவு என்றனர். பாலிங்கால் என்பவர் 1855 ஆம் ஆண்டில் பம்பாய் மருத்துவக் கழகத்தின் இதழில் இந்நோய்க்கு ஒட்டுண்ணி காரணமாகலாம் என்று குறிப்பிட்டிருந்தார். அக்கருத்தைச் சான்றுகளுடன் நிறுவ முனைந்தவர் கார்ட்டர்.

கருமணிகளில் கண்ட இழைகள்

கார்ட்டர் பாதத்தை நீளவாக்கில் அறுத்து, மணிகள் எவ்வழியே எலும்புக்குள்ளும் தசைக்குள்ளும் பரவியுள்ளன என்று வரைந்தார். பின்னர் மணிகளையே நசுக்கி நுண்ணோக்கியில் நோக்கினார். கடுகளவும் அதனினும் சிறியதுமான கருமணிகளுக்குள் கிளைத்த இழைகளும், இழை நுனிகளில் உப்பிய உயிரணுக்களும் நெருக்கமாகப் பின்னிக் கிடந்தன. சீழோ உறைந்த குருதியோ இவ்வாறு அமைவதில்லை. இது பூஞ்சையின் உடல் என்று அவர் முடிவு செய்தார். 1860 ஆம் ஆண்டில் பம்பாய் மருத்துவக் கழகத்தின் வெளியீட்டில் இந்நோயை இந்தியாவின் பல பகுதிகளில் காணப்படும் புதியதொரு பூஞ்சை நோய் என விரிவாக விளக்கினார். பூஞ்சை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லுடன் கட்டியைக் குறிக்கும் விகுதியைச் சேர்த்து மைசெட்டோமா என்ற பெயரை ஆக்கினார்.

இம்முடிவு வெளியான காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். நுண்ணுயிர்கள் நோய் விளைவிக்கும் என்ற கொள்கை அப்போது நிறுவப்படவில்லை. ஆந்திராக்ஸ் நோயின் பாக்டீரியாவை இராபர்ட் கோக் விளக்கியது 1876 ஆம் ஆண்டில்தான். மனிதத் தோலில் படரும் சில பூஞ்சைகள் முன்பே அறியப்பட்டிருந்தன. ஆயினும் உடலின் ஆழத்தில் புகுந்து எலும்பையே அழிக்கும் பூஞ்சை உண்டு என்பதைப் பலர் ஏற்கத் தயங்கினர்.

மணிகள் எல்லா நோயாளிகளிடமும் ஒரே நிறத்தில் இல்லை என்பதையும் கார்ட்டர் பதிவு செய்தார். சிலரிடம் அவை கறுப்பு, சிலரிடம் கசகசாவைப் போல வெளிர்நிறம், அரிதாகச் சிவப்பு. கறுப்பு மணிகளில் தெளிவாகக் கண்ட இழைகளை வெளிர் மணிகளில் அவரால் அவ்வாறு காண முடியவில்லை. இருப்பினும் எல்லாம் ஒரே நோயின் வடிவங்கள் என்றே அவர் கொண்டார். நிறத்தைக் கொண்டு அவர் செய்த இப்பகுப்பு எளிமையானதாகத் தோன்றினும், இந்நோயைப் பற்றிய பிற்கால வகைப்பாடுகள் யாவும் இதிலிருந்தே தொடங்கின.

செந்நிறப் பூஞ்சணம்

நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. பூஞ்சைக்குப் பெயர் வேண்டியிருந்தது. பூஞ்சை இனத்திற்குப் பெயரிட அது வித்து உண்டாக்கும் விதம் தெரிய வேண்டும். மணிக்குள் சிக்கிக் கிடக்கும் இழைகளில் அது புலப்படுவதில்லை. இந்நிலையில், பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த நோயுற்ற பாத மாதிரி ஒன்றில் செந்நிறப் பூஞ்சணம் ஒன்று படர்ந்தது. நோய்ப் பூஞ்சையே வெளியில் வளர்ந்து வித்துக் காட்டியதாகக் கார்ட்டர் கருதினார். அது பற்றிய செய்தி இங்கிலாந்தின் முன்னணிப் பூஞ்சையியலாளரான மைல்ஸ் ஜோசப் பெர்க்லியிடம் சென்றது. சமயக் குருவாகவும் இருந்த பெர்க்லி, உருளைக்கிழங்கு வெப்புநோய்க்குப் பூஞ்சையே காரணம் என்று 1846 ஆம் ஆண்டில் வாதிட்டு அறியப்பட்டவர்.

பெர்க்லி 1860களில் அப்பூஞ்சணத்தைப் புதிய இனமாகக் கொண்டு, கார்ட்டரின் பெயரால் கியோனிஃபி கார்ட்டரி எனப் பெயரிட்டார். கியோனிஃபி என்பது பனியின் மீது வளரும் பூஞ்சணங்களுக்கென முன்னர் அமைக்கப்பட்ட பேரினம். பனியையே காணாத மதுரையின் பெயர் தாங்கிய நோய்க்குப் பனிப் பூஞ்சணத்தின் பேரினம் பொறுப்பாக்கப்பட்டது வகைப்பாட்டு வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. காற்றில் எங்கும் பூஞ்சண வித்துகள் மிதக்கின்றன. மழைக்காலத்தில் தோல் செருப்பின் மீதும் பழைய சோற்றின் மீதும் பூஞ்சணம் படர்வதை எல்லோரும் அறிவர். வெட்டி எடுத்த பாதத்தின் மீதும் அவ்வாறே படரும். மாதிரியில் வளர்ந்த பூஞ்சணம் திசுவுக்குள் இருந்து வந்ததா, ஆய்வு அறையின் காற்றிலிருந்து வந்து விழுந்ததா என்று பிரித்தறியும் முறை அப்போது எவரிடமும் இல்லை. திண்ம ஊடகத்தில் நுண்ணுயிர்களைத் தனித்தனியே பிரித்து வளர்க்கும் முறையைக் கோக் 1881 ஆம் ஆண்டில்தான் வெளியிட்டார்.

கல்கத்தாவின் மறுப்பு

கார்ட்டர் 1863 முதல் 1872 வரை சதாராவில் மாவட்ட மருத்துவராக இருந்தார். தக்காணத்தின் வறண்ட நிலப்பகுதியாகிய அங்கும் மைசெட்டோமா நோயாளிகள் வந்தனர். பின்னர் விடுப்பில் ஐரோப்பா சென்றவர், தாமே வரைந்த வண்ணப் படங்களுடன் மைசெட்டோமா அல்லது இந்தியாவின் பூஞ்சை நோய் என்ற தனிநூலை 1874 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்டார். இந்நோயைப் பற்றிய முதல் முழுமையான நூல் இது எனலாம்.

அடுத்த ஆண்டே அதற்கு வலுவான எதிர்ப்பு எழுந்தது. கல்கத்தாவில் ஆய்வு செய்த திமொதி ரிச்சர்ட்சு லூயிஸ், டேவிட் டக்ளஸ் கன்னிங்காம் ஆகிய இருவரும் தங்கள் அறிக்கையில் செந்நிறப் பூஞ்சணத்திற்கும் நோய்க்கும் தொடர்பு எதுவும் காண முடியவில்லை என்றனர். கறுப்பு மணிகளில் இழைகள் இருப்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் அழுகிச் சிதைந்த திசுவில் பூஞ்சை பின்னர் வந்து குடியேறியிருக்கலாம், அது நோயின் காரணம் என்பதற்குச் சான்று போதாது என வாதிட்டனர். வெளிர் மணிகளைச் சிதைந்த கொழுப்பாக அவர்கள் விளக்கினர்.

இம்மறுப்பில் ஒரு பாதி சரி. கியோனிஃபி கார்ட்டரி வெளியிலிருந்து வந்து விழுந்த பூஞ்சணம் என்பதே பிற்கால முடிவு. ஆயினும் மணிகளைப் பற்றிய இடத்தில் கல்கத்தா அறிஞர்களே தவறினர். ஒரு மாதிரியில் கண்ட பிழையைக் கொண்டு கொள்கை முழுவதையும் ஐயுற்றமையால், நோயின் காரணம் பற்றிய தெளிவு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தள்ளிப்போயிற்று.

கார்ட்டர் தம் நிலையைக் கைவிடவில்லை. புதிய செய்திகளுக்குக் கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. மாடுகளின் தாடையில் கட்டி உண்டாக்கும் ஆக்டினோமைசிஸ் என்ற நுண்ணுயிர் 1877 ஆம் ஆண்டில் செருமனியில் விவரிக்கப்பட்டது. அதன் மணிகளுக்கும் மைசெட்டோமாவின் வெளிர் மணிகளுக்கும் உள்ள ஒற்றுமையை அவர் 1886 ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டினார். தீர்வு அத்திசையில்தான் இருந்தது.

பிற ஆய்வுகள்

1873 ஆம் ஆண்டில் கார்ட்டர் நார்வே சென்று அங்குள்ள தொழுநோய் இல்லங்களையும் பெர்கன் நகரில் நடந்துவந்த ஆய்வுகளையும் பார்வையிட்டார். தொழுநோய்க் கிருமியை ஹான்சன் கண்டதும் அவ்வாண்டில்தான். இந்தியா திரும்பியபின் கத்தியவார் பகுதியில் தொழுநோய் பற்றி ஆராய்ந்தார். சிறுநீரகக் கற்களின் நுண்ணமைப்புப் பற்றியும் ஒரு நூல் எழுதியுள்ளார்.

தமிழகத்தில் தாது வருடப் பஞ்சம் என்று நினைவுகூரப்படும் 1876-78 காலப் பெரும் பஞ்சம் தக்காணத்தையும் வாட்டியது. பசியால் ஊரை விட்டு வந்த மக்கள் பம்பாயில் குவிந்தனர். அவர்களிடையே மீண்டும் மீண்டும் வரும் காய்ச்சல் ஒன்று பரவியது. கோகுல்தாஸ் தேஜ்பால் மருத்துவமனையில் பொறுப்பிலிருந்த கார்ட்டர், 1877 ஆம் ஆண்டில் நோயாளிகளின் குருதியில் சுருள்வடிவ நுண்ணுயிரைக் கண்டார். பெர்லினில் ஒபர்மையர் முன்னர் விவரித்த அதே வகை உயிர் இது. குரங்குகளுக்கு அக்குருதியைச் செலுத்தி நோயை உண்டாக்கிக் காட்டினார். சுருளிக் காய்ச்சல் பற்றிய இவரது பெருநூல் 1882 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் ஸ்டூவர்ட் பரிசு இப்பணிக்காக வழங்கப்பட்டது.

லாவெரான் அல்சீரியாவில் கண்ட மலேரியா ஒட்டுண்ணியை இந்திய நோயாளிகளின் குருதியிலும் 1887 ஆம் ஆண்டில் கார்ட்டர் கண்டு எழுதினார். ரொனால்ட் ராஸ் கொசுவில் அதைக் காண்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு இது நடந்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் முதல்வராகவும் இவர் இருந்துள்ளார்.

இறுதிக் காலம்

1888 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1890 ஆம் ஆண்டில் பேரரசியின் மதிப்புறு அறுவை மருத்துவராக அமர்த்தப்பட்டார். அவ்வாண்டே மேரி எலன் ராபிசனை மணந்தார். இருவருக்கும் இரு குழந்தைகள் பிறந்தனர். தந்தை வாழ்ந்து ஓவியம் தீட்டிய ஸ்கார்பரோ நகரில் 1897 ஆம் ஆண்டு மே 4 ஆம் நாள் காசநோயால் காலமானார். காசநோய்க் கிருமி கண்டறியப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குரிய மருந்து வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

மதுரெல்லாவும் ஆக்டினோமதுராவும்

மைசெட்டோமா பற்றிய வழக்கு அவர் உயிருடன் இருந்தபோதே தீரத் தொடங்கிவிட்டது. கான்தாக் 1890களின் தொடக்கத்தில் மணிகளை மீண்டும் ஆராய்ந்து ஆக்டினோமைசிஸ் நோயுடன் ஒப்பிட்டார். 1894 ஆம் ஆண்டில் இரு முக்கிய முடிவுகள் வெளியாயின. பிரெஞ்சு மருத்துவர் வின்சென்ட், அல்சீரியாவில் வெளிர் மணி நோயாளி ஒருவரிடமிருந்து நுண்ணுயிரைப் பிரித்து வளர்த்து ஸ்ட்ரெப்டோத்ரிக்ஸ் மதுரே எனப் பெயரிட்டார். அதே ஆண்டில் பாய்சு, சர்வேயர் ஆகியோர் மதுரை நோயில் ஒன்றுக்கு மேற்பட்ட உயிரினங்கள் உள்ளன என்று இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் காட்டினர். கறுப்பு மணியும் வெளிர் மணியும் ஒரே பூஞ்சையின் இரு நிலைகள் என்ற எண்ணம் இதனால் விலகியது.

வின்சென்ட் கண்ட உயிர் இன்று ஆக்டினோமதுரா மதுரே எனப்படுகிறது. அது பூஞ்சை அன்று. பூஞ்சையைப் போல இழையாகக் கிளைக்கும் பாக்டீரியா. அதன் இழை ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த தடிப்புடையது. உண்மையான பூஞ்சை இழை அதைப்போலப் பன்மடங்கு தடித்தது. கார்ட்டரால் வெளிர் மணிகளில் இழைகளைத் தெளிவாகக் காண முடியாமற் போனதற்கு இந்த வேறுபாடு போதிய விளக்கம் தரும்.

கறுப்பு மணியின் உயிரை லாவெரான் 1902 ஆம் ஆண்டில் விவரித்தார். எமில் புரும்ப் 1905 ஆம் ஆண்டில் அதற்கென மதுரெல்லா என்ற புதிய பேரினத்தை அமைத்தார். மதுரெல்லா மைசெட்டோமாட்டிஸ் என்ற இன்றைய இனப்பெயரில் மதுரை நகரின் பெயரும் கார்ட்டர் ஆக்கிய நோய்ப்பெயரும் சேர்ந்து நிற்கின்றன. 1913 ஆம் ஆண்டில் பினோய், உண்மைப் பூஞ்சைகளால் வருவன, ஆக்டினோமைசீட்டுகளால் வருவன என நோயை இரண்டாகப் பிரித்தார். மருத்துவத்தில் இப்பிரிவே இன்றும் வழக்கிலுள்ளது. பாக்டீரியாவால் வரும் வகை நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளுக்குப் பெரும்பாலும் கட்டுப்படும். பூஞ்சை வகைக்கு நெடுநாள் பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் பல வேளைகளில் அறுவையும் தேவை. ஆகவே மணியில் இருப்பது எது என்று இனங்காண்பது நோயாளியின் காலைக் காப்பதோடு நேரடித் தொடர்புடையது.

செந்நிறப் பூஞ்சணம் தந்த பாடம் இன்றைய ஆய்வக நடைமுறையில் பதிந்துள்ளது. துளையின் வாயில் ஒட்டியிருக்கும் சீழை மட்டும் வளர்த்துப் பார்ப்பதில்லை. ஆழத்திலிருந்து எடுத்த மணியைத் தூய உப்புநீரில் பலமுறை கழுவி, மேலொட்டிய உயிர்களை அகற்றிய பின்னரே வளர்ப்பு ஊடகத்தில் இடுவர். திசுச் சீவலிலும் அதே உயிர் காணப்பட்டால்தான் வளர்ப்பில் வந்தது நோய்க்காரணி என்று கொள்வர்.

அதன் பின்னும் வகைப்பாடு எளிதாகவில்லை. மதுரெல்லா மைசெட்டோமாட்டிஸ் ஆய்வகத்தில் பெரும்பாலும் வித்து உண்டாக்காமல் வெறும் இழையாகவே வளரும். வித்தின் அமைப்பைக் கொண்டு இனம் பிரிக்கும் பழைய முறை இங்குப் பயன்படவில்லை. கருமணி, மலட்டு இழை என்ற இரு அடையாளங்களைக் கொண்டு வெவ்வேறு பூஞ்சைகள் ஒரே பேரினத்தில் அடைக்கப்பட்டன. மரபணு வரிசைகளை ஒப்பிடத் தொடங்கியபின் இது வெளிப்பட்டது. தென் அமெரிக்காவிலிருந்து 1949 ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட மதுரெல்லா கிரிசியா, மதுரெல்லாவுக்கு நெருங்கிய உறவற்றது எனத் தெரிந்து 2014 ஆம் ஆண்டில் ட்ரெமட்டோஸ்ஃபேரியா என்ற பேரினத்திற்கு மாற்றப்பட்டது. மறுபுறம், மைசெட்டோமாட்டிஸ் என்று எண்ணப்பட்ட மாதிரிகள் சில தனி இனங்களாயின. மதுரெல்லா ஃபஹாலி, மதுரெல்லா ட்ராபிகானா ஆகியவை 2012 ஆம் ஆண்டில் புதிய இனங்களாக வெளியிடப்பட்டன. கார்ட்டர் நிறத்தால் மூன்றாகப் பிரித்த நோய்க்கு இன்று பல பத்து பூஞ்சை, பாக்டீரிய இனங்கள் காரணமாக அறியப்பட்டுள்ளன.

உலக சுகாதார அமைப்பு 2016 ஆம் ஆண்டில் மைசெட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சூடான், மெக்சிகோ, இந்தியா ஆகியவை இந்நோய் மிகுதியாகப் பதிவாகும் நாடுகளுள் அடங்கும்.

கார்ட்டரின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் இலண்டனிலுள்ள வெல்கம் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கிரேயுடன் பணிபுரிந்த நாள்களைப் பற்றி இன்று அறியப்படுவனவற்றில் பெரும்பகுதி அவற்றிலிருந்தே பெறப்பட்டது.